ஒரே கணினியில் இரண்டு 5.1 ஸ்பீக்கர் செட்டுகளை இணைக்கும் முறை

பாளையங்கோட்டையில் உள்ள எங்கள் வீட்டில் கீழே தார்சாவில் (முன்கூடத்தில்) ஒன்று, மேலே மச்சில் (மாடியில்) ஒன்று என இரண்டு 5.1 ஸ்பீக்கர் செட்டுகள் (ஐந்து ஸ்பீக்கர்களும், தாழ்ந்த ஒலிகளுக்கான சப்வூஃபர் ஒன்றும் கொண்டவை) இருக்கின்றன. இரண்டையும் ஒரே கணினியிலிருந்து இயக்குவதற்கு நான் முதலில் தேர்ந்தெடுத்த வழி தவறானது என்பதால், சரியான வழியை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

மச்சுக்கென்று தனியாக ஒரு யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு வாங்கி, மென்பொருளின் உதவியால் இரண்டு கருவிகளுக்கும் ஒலியை அனுப்பினேன். கோயில் கொடைவிழாவில் பதிவுசெய்த வில்லுப்பாட்டைப் போட்டுவிட்டு மாடிப்படியில் நின்று கேட்டபோது, சிறிது நேரத்தில் கீழே ஒரு குடமும் மேலே இன்னொரு குடமும் தனித்தனியே அடிப்பதுபோல ஒலி பிரிந்துவிட்டது. ஒவ்வொரு கருவியும் தன்னுள் இருக்கும் படிகத்தின் துடிப்பை வைத்தே நொடிக்கு 48,000 ஒலி மாதிரிகளை எண்ணுகிறது. இரண்டு படிகங்களுக்கிடையே பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபாடு இருந்தாலே, ஈடுசெய்யப்படாதபோது அரை மணி நேரத்தில் 90 மில்லிநொடி விலகிவிடும்.

ஆகவே இரண்டு செட்டுகளும் ஒரே சவுண்ட் கார்டிலிருந்து ஒலி பெறுவதே சிறந்தது. கணினியின் பின்புறத்தில் பச்சை ஜாக் முன் ஸ்பீக்கர்களுக்கும், கறுப்பு பின் ஸ்பீக்கர்களுக்கும், ஆரஞ்சு நடு ஸ்பீக்கருக்கும் சப்வூஃபருக்கும் உரியவை. மூன்று ஜாக்குகள் மட்டுமே உள்ள மதர்போர்டுகளில் பெரும்பாலும் நீலமும் இளஞ்சிவப்பும் கறுப்பு, ஆரஞ்சு ஜாக்குகளின் வேலையை ஏற்கும். மூன்று ஜாக்குகளிலும் ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் 3.5 மி.மீ. ஸ்டீரியோ ஒய் கேபிள் ஒவ்வொன்றைச் செருகி, ஒரு கிளையைத் தார்சா செட்டுக்கும் மறு கிளையை நீட்டிப்புக் கேபிள் வழியாக மச்சு செட்டுக்கும் கொடுக்க வேண்டும். கேபிள்களின் இரு முனைகளிலும் நிறத்தாள் ஒட்டிவிடுங்கள். ஆறு முனைகளில் ஒன்று மாறினாலும் பேச்சுக்குரல் பின்பக்கத்திலிருந்து வரக்கூடும். பிறகு விண்டோஸின் ஒலி அமைப்பில் 5.1 சரவுண்டைத் தேர்ந்து, சோதனை ஒலியை ஒவ்வொரு ஸ்பீக்கராகக் கேட்டுப் பாருங்கள்.

ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே அமைந்த செட்டுகள் கணினியிடமிருந்து மிகக் குறைந்த மின்னோட்டத்தையே கேட்பதால், இப்படிப் பிரிப்பதால் தீங்கில்லை. ஆனால் ஆம்ப்ளிஃபயர் இல்லாத ஸ்பீக்கரை இந்த ஜாக்கில் நேரடியாகச் செருகக் கூடாது. ஒய் கேபிளைத் திருப்பிப் போட்டு இரண்டு கணினிகளின் வெளியீடுகளை ஒரே செட்டில் சேர்ப்பதும் கூடாது.

இரு செட்டுகளும் வெவ்வேறு அறைகளின் பிளக்குகளில் இருக்கும்போது 50 ஹெர்ட்ஸ் உறுமல் கேட்கலாம். மச்சுக்குச் செல்லும் கேபிள்களில் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் (இரு பக்கங்களின் தரை இணைப்பைப் பிரித்து, ஒலியை மட்டும் கடத்தும் சிறு கருவி) போட்டால் அது பெரும்பாலும் அடங்கிவிடும். நீண்ட கேபிள்களை மின்கம்பிகளோடு ஒட்டி இழுக்காமல் இருப்பதும் நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கும்போது இரண்டு செட்டுகளின் பிளக்குகளையும் கழற்றிவிடுங்கள்; கேபிளால் இணைந்திருப்பதால் ஒன்றின் வழியாக வரும் மின்பாய்ச்சல் மற்றதையும் கணினியையும் கெடுக்கக்கூடும்.

தனித்தனிக் கருவிகளைத்தான் பயன்படுத்தியாக வேண்டுமென்றால், விண்டோஸில் வாய்ஸ்மீட்டர் பனானா என்ற மென்பொருள் மூன்று வெளியீடுகள் வரை தரும். மேக்கில் ஆடியோ மிடி செட்டப்பில் பல்வெளியீட்டுக் கருவியை உருவாக்கி, விலகலைத் திருத்தும் தெரிவை இயக்க வேண்டும். ஆப்டிகல் கேபிள் சுருக்கப்படாத ஒலியில் இரண்டு தடங்களையே சுமக்கும், 5.1 வேண்டுமானால் டால்பி டிஜிட்டல் அல்லது டி.டி.எஸ். என்ற சுருக்கப்பட்ட வடிவில் அனுப்ப வேண்டும். புளூடூத்தின் தாமதம் காதுக்கே தெரியும் என்பதால் அதை இந்த வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இறுதியாக, மச்சில் மட்டும் ஒலியைக் குறைக்க விரும்பினால் அந்தச் செட்டில் உள்ள ஒலியளவுத் திருகையே பயன்படுத்துங்கள். கணினியில் குறைத்தால் தார்சாவிலும் சேர்ந்தே குறையும்.