பழைய மாருதி ஆம்னிக்கு டைமிங் (ஸ்பார்க் விழும் நேரம்) வைப்பது எப்படி?

வண்டி மேட்டில் இழுக்கவில்லை என்றதும் டிஸ்ட்ரிபியூட்டரை (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் பாகம்) திருப்பிப் பார்க்கும் பழக்கம் எனக்கும் இருந்தது. ஒருமுறை அரை நாள் திருப்பிய பிறகுதான் அதற்குள் திறந்து மூடி ஸ்பார்க்கை வரவைக்கும் பாயிண்ட் கருகிக் கிடந்ததைக் கவனித்தேன். ஆகவே முதலில் பாயிண்ட், அப்புறம்தான் டைமிங். கார்புரேட்டரும் பாயிண்டும் உள்ள 796 சிசி, மூன்று சிலிண்டர் ஆம்னிக்கு மட்டுமே இந்தச் செய்முறை.

முன் சீட்டைத் தூக்கினால் எஞ்சின். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, பாயிண்ட் முழுதாகத் திறக்கும்வரை எஞ்சினைக் கையால் சுற்றுங்கள். இடைவெளி 0.4 முதல் 0.5 மி.மீ. இருக்கட்டும், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) லேசாக உரசி நுழைய வேண்டும். இடைவெளி கூடினால் பாயிண்ட் சீக்கிரம் திறந்து, ஸ்பார்க்கும் முந்திக்கொள்ளும். டைமிங் வைத்த பிறகு பாயிண்டைத் தொட்டால் மறுபடி முதலிலிருந்துதான். மூடி திறந்திருக்கும்போதே நடுவில் உள்ள ரோட்டர் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்த்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

கியர்பாக்ஸ் பக்கம் உள்ள ரப்பர் மூடியைக் கழற்றினால் ஃப்ளைவீல் கோடுகள் தெரியும். அழுக்கைத் துடைத்து, சர்வீஸ் புத்தகம் சொல்லும் டிகிரிக் கோட்டில் வெள்ளை நெயில் பாலிஷ் வையுங்கள். வீட்டில் கேட்டுவிட்டு எடுங்கள்.

எஞ்சின் சூடாகட்டும். நியூட்ரல், ஹேண்ட்பிரேக். டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் வேக்குவம் குழாயைக் கழற்றி, அதன் வாயை அடைத்துவிடுங்கள். ஐடிலிங்கை (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது உள்ள வேகம்) புத்தகத்தில் உள்ள அளவுக்குக் குறைத்து வையுங்கள். வேகம் கூடினால் டிஸ்ட்ரிபியூட்டர் தானே அட்வான்ஸ் கொடுத்து (ஸ்பார்க்கை முந்தவைத்து) உங்களை ஏமாற்றிவிடும். டைமிங் லைட்டின் (ஸ்பார்க் வரும்போதெல்லாம் மின்னும் விளக்கு) கிளிப்பை முதல் சிலிண்டர் பிளக் வயரில் மாட்டி, ரப்பர் மூடி இருந்த துளைக்குள் வெளிச்சம் அடியுங்கள். சட்டைக் கையை பெல்ட்டிடம் கொண்டுபோகாதீர்கள்.

பாலிஷ் வைத்த கோடு துளையில் உள்ள நிலையான குறியோடு பொருந்தவில்லையா? எஞ்சினை நிறுத்தி, டிஸ்ட்ரிபியூட்டர் இப்போது இருக்கும் இடத்தில் ஒரு கீறல் போடுங்கள். குழம்பினால் அங்கேயே திரும்பிவிடலாம். அதைப் பிடித்திருக்கும் போல்ட்டை லேசாகத் தளர்த்துங்கள். ரோட்டர் சுற்றும் திசைக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால் அட்வான்ஸ், அதே பக்கம் திருப்பினால் ரிட்டார்ட் (ஸ்பார்க் பிந்தும்). டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்கின் (எஞ்சினின் பிரதான தண்டு) பாதி வேகத்தில் சுற்றுவதால், இங்கே 1 டிகிரி திருப்பினால் கிராங்கில் 2 டிகிரி மாறும். நகக்கண் அளவு போதும். போல்ட்டை இறுக்கியதும் லைட்டை மறுபடி அடித்துப் பாருங்கள், இறுக்கும்போது நகர்வது சகஜம்.

வேக்குவம் குழாயை மாட்டி, ஒரு மேட்டில் மூன்றாம் கியரில் அழுத்திப் பாருங்கள். கிணிகிணியென்று நாக்கிங் கேட்டாலோ, ஸ்டார்ட் செய்யும்போது ஸ்டார்ட்டர் எதிர்த்து உதைத்தாலோ அட்வான்ஸ் அதிகம். மந்தமாக இழுத்து எஞ்சின் சூடேறினால் ரிட்டார்ட்.