படகு எஞ்சின் பேட்டரிக்கு ஃபியூஸ் தேவையா?

அமெரிக்கப் படகுத் தரநிலையான ஏபிஒய்சி இ-11, பேட்டரி பாசிட்டிவ் ஒயர்களுக்குப் பொதுவாக பேட்டரியிலிருந்து 7 அங்குலத்துக்குள் ஃபியூஸ் கேட்கிறது. ஸ்டார்ட்டர் கேபிளுக்கு மட்டும் விலக்கு. சின்ன டீசல் எஞ்சினைக் கிளப்பவே சில நூறு ஆம்பியர் இழுக்கும். முகத்துவாரத்தில் நின்றுபோன எஞ்சினை மறுபடி எழுப்பும் நேரத்தில் ஃபியூஸ் போனால் அவ்வளவுதான். ஆல்டர்னேட்டரும் அதே கேபிள் வழியாகச் சார்ஜ் செய்தால் இன்னொரு வம்பு: ஓடும்போது ஃபியூஸ் எரிந்தால் ஆல்டர்னேட்டரின் டையோடுகளும் போகலாம்.

அதே பேட்டரி முனையில் கோத்திருக்கும் பில்ஜ் பம்ப் (படகின் அடியில் தேங்கும் தண்ணீரை வெளியேற்றுவது), விளக்கு ஒயர்களுக்கு இந்த விலக்கு கிடையாது. நிறையப் பேர் கோட்டைவிடுவது இங்கேதான்.

விலக்கு இருந்தாலும், ஸ்டார்ட்டர் கேபிள் நீளமாக, எஞ்சினை ஒட்டிப் போனால் நான் ஃபியூஸ் போடுவேன். ஷார்ட் ஆனால் பேட்டரி ஆயிரம் ஆம்பியருக்கு மேல் கொட்டும், கேபிள் பழுத்துத் தீப்பிடிக்கும். ஸ்டார்ட்டர் இழுப்பைத் தாங்குகிற, கேபிளின் தடிமனுக்கும் பொருந்துகிற கிளாஸ் டி (Class T) ஃபியூஸ் நல்லது. கார் பிளேடு ஃபியூஸ் வேண்டவே வேண்டாம்.

எதற்கும் முதலில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, கேபிள் நெடுகக் கையால் தடவிப் பாருங்கள். தடுப்புப் பலகை ஓட்டையில் ரப்பர் வளையம் இல்லையென்றால், அதிர்விலேயே உறை தேய்ந்து செம்பு பளபளக்கும்.