கொழும்பு வெக்கையில் மீன்தொட்டிச் செடிகள்

குளிர் நாடுகளில் மீன்தொட்டியில் செடி வளர்ப்பவர்கள் ஹீட்டர் வாங்குகிறார்கள். கொழும்பில் கவலை நேர்மாறானது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ காற்றோட்டம் குறைந்த மாடிவீடு என்றால், பங்குனி சித்திரையில் தொட்டித் தண்ணீர் 30 பாகையைத் தாண்டிவிடும். பெரும்பாலான செடிகளுக்கு வசதியானது 24 முதல் 28 பாகை வரை. சூடு ஏற ஏறச் செடியின் சுவாசம் கூடுகிறது, இலை தயாரித்த உணவெல்லாம் அதற்கே செலவாகிப் புதுத் துளிருக்கு மிச்சமில்லாமல் போகிறது. போதாக்குறைக்குச் சூடான தண்ணீரில் ஒட்சிசனும் காபனீரொட்சைட்டும் குறைவாகத்தான் கரையும்.

அதனால் உரம் வாங்குமுன் ஒரு சின்ன விசிறி வாங்குங்கள். தொட்டியின் மூடியை எடுத்துவிட்டு, காற்று தண்ணீரின் மேல்மட்டத்தை உரசிப் போகும்படி விசிறியைச் சரித்துப் பொருத்துங்கள். ஆவியாகும் நீர் சூட்டையும் கொண்டுபோவதால் இரண்டு பாகையாவது இறங்கும். மழைக்கு முந்திய புழுக்கத்தில் இந்த அளவு இறங்காது. அப்படியான நாட்களில் லைட் எரியும் நேரத்தைக் குறைப்பதே நல்லது. ஆவியாகிக் குறையும் தண்ணீரை அன்றன்றே நிரப்புங்கள். மூடி இல்லாவிட்டால் மீன் பாயும். மேலே ஒரு வலையைப் போட்டுவிடுங்கள், காற்றும் தடைப்படாது.

வெளிச்சம் தாராளமாக இருந்தால் செடி தாராளமாக வளரும் என்று நினைத்து ஜன்னலோரம் தொட்டி வைப்பவர்கள் பலர். அங்கே முதலில் வளர்வது பாசிதான். நேர்வெயில் படாத சுவரோரம் வைத்து, எல்ஈடி லைட்டை டைமரில் போடுங்கள். முதல் நான்கு கிழமைக்கு ஆறு மணித்தியாலம் போதும். புது இலைகள் வரிசையாக வரத் தொடங்கிய பிறகு எட்டு வரை கூட்டலாம். கண்ணாடியில் பச்சைத் தூள் படிந்தாலும் இலை ஓரத்தில் நூல்பாசி தொங்கினாலும் ஒரு மணித்தியாலத்தைக் குறையுங்கள். பாசிக்கு மருந்து ஊற்றுவது கடைசி வழி.

கொழும்புக் குழாய்த் தண்ணீரின் பெரும்பகுதி களனி ஆற்றிலிருந்து வருவது, மென்மையானது. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் கேத்தலின் அடியில் விடும் சுண்ணாம்புப் படிவு இங்கே அநேகமாக வராது. குடிக்க நல்லது, ஆனால் செடிக்கு வேண்டிய கல்சியமும் மக்னீசியமும் இதில் குறைவு. இரண்டு அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமான தொட்டி கணக்குக்கு 56 லீற்றர். மண்ணையும் மேல் இடைவெளியையும் கழித்தால் உண்மையில் 45 லீற்றர்தான் நிற்கும். எந்த உரத்தையும் இந்த 45-க்கே அளந்து போடுங்கள். பார்மசியில் கிடைக்கும் எப்சம் உப்பில் 2 கிராம் போட்டால் லீற்றருக்கு 4 மில்லிகிராமுக்குச் சற்று அதிகமாக மக்னீசியம் சேரும். பொற்றாசியம் சல்பேற்று 1 கிராம், லீற்றருக்கு 10 மில்லிகிராம் பொற்றாசியம் தரும். கிழமைக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றும்போது இவற்றிலும் மூன்றில் ஒரு பங்கு போட்டால் அளவு குலையாது. மாற்றும் தண்ணீரில் குளோரின் நீக்கும் மருந்தைச் சேருங்கள். ஒரு நாள் முழுக்க வாளியில் காற்றுப் பம்பின் குழாய் நுனியில் மாட்டும் காற்றுக்கல்லைப் போட்டு வைத்தாலும் குளோரின் போய்விடும்.

என்ன குறை என்பதை இலையே சொல்லும். பழைய இலையில் ஊசி குத்தியது போல ஓட்டை விழுந்து, ஓட்டையைச் சுற்றி மஞ்சள் வளையம் தெரிந்தால் பொற்றாசியம் போதவில்லை. பழைய இலையில் நரம்பு பச்சையாக இருக்க நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி மட்டும் வெளிறினால் மக்னீசியம். பழைய இலை முழுதும் மஞ்சளானால் நைதரசன், மீன் குறைந்த தொட்டியில் இது வரும். நரம்பு பச்சையாக இருக்க இடைப்பகுதி வெளிறுவது புதுத் துளிரில் தெரிந்தால் இரும்புச்சத்து. துளிர் முறுகிக் குறுகி வந்தால் கல்சியம். ஓட்டை விழுந்த பழைய இலை திரும்ப மூடாது, அடுத்து வரும் இலையைப் பார்த்துத்தான் சரியா என்று முடிவெடுக்க வேண்டும்.

மண்ணுக்குக் கடற்கரை மணலை அள்ளி வராதீர்கள். உப்பு கழுவினால் போகும், அதிலுள்ள சிப்பித் துகள் போகாது. மெல்ல மெல்லக் கரைந்து தண்ணீரைக் கடினமாக்கும். எந்த மணலிலும் சில துளி வினாகிரி விட்டுப் பாருங்கள், நுரைத்தால் வேண்டாம். ஒன்று முதல் இரண்டு மில்லிமீற்றர் பருமனுள்ள ஆற்று மணலைத் தெளிந்த நீர் வரும்வரை கழுவி, 5 சென்ரிமீற்றர் கனத்தில் பரப்புங்கள். மாவு போன்ற மணல் இறுகி வேரை அழுக வைக்கும்.

எந்தச் செடி? இங்கே கேள்விக்கே இடமில்லை, கிரிப்டோகொரைன். வெண்டியை, பெக்கெட்டியை, பார்வா என்ற அதன் இனங்கள் எல்லாமே இலங்கையின் ஓடைகளுக்குச் சொந்தமானவை. மென்மையான தண்ணீரும் குறைந்த வெளிச்சமும் அவற்றுக்குப் பழக்கம். ஓடையிலிருந்து பிடுங்காமல் பண்ணையில் வளர்த்ததையே வாங்குங்கள், காட்டில் சில இனங்கள் அருகிவிட்டன. கட்டையில் கட்டி வளர்க்க அனுபியாஸும் ஜாவா பெர்னும் நல்லவை, ஆனால் அவற்றின் கிழங்குத்தண்டை மண்ணுக்குள் புதைத்தால் அழுகும். நூலால் கட்டுங்கள்.

கிரிப்டை (கிரிப்டோகொரைனை) நடும்போது சட்டியில் வேரைச் சுற்றியுள்ள பஞ்சை ஓடும் தண்ணீரில் பிரித்தெடுங்கள். வேரை 3 சென்ரிமீற்றர் விட்டு நறுக்கி, இடுக்கியால் வேர் நுனியைப் பிடித்துச் சரிவாக மண்ணுக்குள் தள்ளிப் பிறகு மெதுவாக மேலே இழுங்கள். இலைகள் கிளம்பும் வெள்ளைக் கழுத்து மண்ணுக்கு வெளியே தெரிய வேண்டும். பக்கத்தில் மண்ணுக்குள் புதைக்கும் உரமான வேர்மாத்திரை ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒருமுறை.

முதல் கிழமையிலேயே இலைகள் கண்ணாடி போலாகி, அவித்த கீரை மாதிரிக் கரையக்கூடும். இதைக் கண்டுதான் பலர் செடி செத்தது என்று பிடுங்கி எறிகிறார்கள். தண்ணீர், வெளிச்சம், வெப்பம் எதில் திடீர் மாற்றம் வந்தாலும் கிரிப்ட் இப்படிச் செய்யும். பண்ணையில் தண்ணீருக்கு மேலே வளர்ந்த இலை எப்படியும் நீருக்கடியில் நிலைக்காது. கழுத்தை விரலால் மெல்ல அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் வேர் உயிரோடிருக்கிறது. கரைந்த இலைகளை அடியோடு வெட்டி எடுத்துவிடுங்கள், விட்டால் அழுகி அமோனியாவைக் கூட்டும். பிடுங்கவோ இடம் மாற்றவோ வேண்டாம். இரண்டு முதல் நான்கு கிழமைக்குள் நடுவிலிருந்து சுருண்ட புதுத் துளிர் வரும். அது நீருக்கென்றே பிறந்த இலை, நிலைக்கும்.

மின்வெட்டு நேரம் செடியும் இருட்டில் ஒட்சிசனை எடுக்கிறது என்பதை மறக்காதீர்கள். அடர்ந்த தொட்டிக்குப் பற்றரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்று வேண்டும். தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய கனிஸ்டர் பில்டர் பல மணித்தியாலம் நின்றிருந்தால் கரண்ட் வந்தவுடன் அப்படியே ஓடவிடாதீர்கள். உள்ளே தேங்கிய தண்ணீரை வெளியே ஊற்றி, பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசிவிட்டுப் போடுங்கள்.