ஊருக்குத் தெரியக் கூடாது என்று நாம் செய்யும் தவறுகள்

ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடம் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், மூத்த பையனைப் பற்றி யார் கேட்டாலும் "திருப்பூர்ல வேலை பார்க்கிறான்" என்றுதான் பதில் வரும். அவன் எட்டு மாதமாக உள்ளறையில் கிடந்தான். கஞ்சாவில் தொடங்கி வலி மாத்திரைக்குப் போனவன். தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். விஷயம் வெளியே போனால் யார் பெண் எடுப்பார்கள்? கல்யாணம் நல்லபடியாக முடிந்த பிறகுதான் அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். "ஏன் இவ்வளவு நாள்?" என்று கேட்டார் டாக்டர். அந்த அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். திண்ணையில் உட்கார்ந்து அடுத்த வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசியவர்களில் நானும் ஒருத்தி. அவர் பயந்தது எங்களைப் பார்த்துத்தான்.

2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, மதுவை விட முடியாமல் தவிக்கும் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்கிறது. சட்டவிரோதப் போதைப் பொருள்களில் சிக்கியவர்கள் என்றால், ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை கிடைப்பது 20 பேரில் ஒருவருக்கு. மிச்சப் பேர் ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காததற்குப் பல காரணங்கள் இருக்கும். எங்கள் கரையில் நான் அதிகம் பார்த்த காரணம் வெட்கம்.

"கடத்துறவன்தானே, பிடிச்சுக் கொடு"

ராமநாதபுரம் கடற்கரைக்கே உரிய தவறு இது. அக்கரையில் இருக்கும் இலங்கைக்குக் கஞ்சாவும் பீடி இலையும் போகிற வழி என்று இந்தக் கரைக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது. அதனால் ஒரு பொட்டலம் கஞ்சாவோடு ஒரு பையன் மாட்டினால், அன்றைக்கே ஊரில் அவன் "கடத்தல்காரன்". வாட்ஸ்அப் குழுவில் படம், தகப்பன் பெயர், தெருப் பெயர் எல்லாம் போய்விடும். கடத்துகிறவனுக்கு லாபம் இருக்கிறது. பழக்கத்தில் விழுந்தவனோ வீட்டு அண்டாவை அடகு வைக்கிறான். இரண்டு பேரையும் ஒரே தராசில் வைப்பது என்ன நியாயம்?

1985ஆம் ஆண்டின் போதைப் பொருள் சட்டமே இந்த வித்தியாசத்தைப் பார்க்கிறது. பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்டவர், தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால், அந்தக் குற்றத்துக்கான வழக்கிலிருந்து விலக்குப் பெற 64ஏ பிரிவு வழி தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கும் போகலாம். இதைச் சொல்ல வேண்டிய வக்கீலைப் பார்ப்பதற்கு முன்பே பையனைச் சொந்தக்காரர் வீட்டில் ஒளித்துவைக்கத்தான் குடும்பங்கள் ஓடுகின்றன.

"அறையில போட்டுப் பூட்டு"

நான் பார்த்ததிலேயே ஆபத்தான தவறு இதுதான். நம் ஊரில் குடியைச் சாதாரணமாகவும் கஞ்சாவைப் பயங்கரமாகவும் நினைக்கிறோம். நிறுத்தும் நேரத்தில் நிலைமை தலைகீழ். கஞ்சாவைத் திடீரென்று விட்டால் தூக்கம் கெடும், எரிச்சல் வரும். உயிருக்கு ஆபத்து பொதுவாக இல்லை. தினமும் நிறையக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால், சில மணி நேரத்தில் கை நடுக்கம் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், செத்துப்போன அப்பா கூப்பிடுகிறார் என்பார். வைத்தியம் இல்லாமல் விட்டால் உயிரே போகலாம்.

இதைப் பார்த்துவிட்டு "பேய் பிடிச்சிருக்கு" என்று தர்காவுக்கோ கோயிலுக்கோ மாதா கெபிக்கோ கூட்டிப்போகிறவர்கள் உண்டு. சாமி கும்பிடுவதை யாரும் தடுக்கவில்லை. அந்த நான்கு நாளில் மட்டும் முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம் வேண்டுதல்.

சங்கிலியைப் பற்றி இந்த மாவட்டத்துக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன? 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தின் கொட்டகை எரிந்தபோது, சங்கிலியில் கட்டியிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வடிவத்திலும் சங்கிலியிடக் கூடாது என்கிறது. மது, போதைப் பொருள் பழக்கத்தோடு சேர்ந்து வரும் மனநிலைகளும் அந்தச் சட்டத்துக்குள் அடங்கும். ஆகவே "திருத்துறோம்" என்று சொல்லி அடித்துக் கட்டிப்போடும் இடத்துக்குப் பணம் கட்டி அனுப்பாதீர்கள். அதே சட்டம் நோயாளியின் விவரங்களை ரகசியமாக வைக்கவும் சொல்கிறது. "ஆஸ்பத்திரிக்குப் போனா ஊருக்கே தெரிஞ்சிடும்" என்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பூட்டி வைக்க மனசு வராதவர்கள் வேறொன்று செய்கிறார்கள். குடியை நிறுத்தும் மாத்திரையை யாரிடமோ வாங்கி, அவருக்குத் தெரியாமல் மீன் குழம்பில் கலந்துவிடுவது. டைசல்ஃபிராம் என்ற அந்த மாத்திரை உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடக்கும். ரத்த அழுத்தம் அபாயமாக இறங்கவும் செய்யும். எடுப்பவருக்குத் தெரிந்து, டாக்டர் சொல்லித்தான் எடுக்க வேண்டும். சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள் என்று ஒருநாள் தெரிந்துபோனால் அதற்கப்புறம் அந்த வீட்டில் யார் சொல்லையும் அவர் நம்ப மாட்டார்.

"ஒரு கால்கட்டு போட்டா சரியாயிடும்"

ஆகாது. இன்னொரு வீட்டுப் பெண்ணை மருந்தாக நினைப்பதற்கு மேல் இதில் பேச ஒன்றும் இல்லை. அவன் திருந்தாவிட்டால் "அவ ராசி" என்று பழியும் அவள் தலையில்தான் விழும்.

"திரும்பவும் ஆரம்பிச்சுட்டான், இனி தேறாது"

சிகிச்சைக்குப் பிறகு மீண்டும் பழக்கத்துக்குத் திரும்புவோர் 40 முதல் 60 சதவீதம் என்று மருத்துவ உலகம் கணக்கிடுகிறது. ரத்தக் கொதிப்பும் ஆஸ்துமாவும் மருந்தை விட்டதும் திரும்புவதும் ஏறக்குறைய இதே அளவுதான். பிரஷர் மாத்திரையை விட்ட மாமாவை யாரும் வீட்டை விட்டுத் துரத்துவதில்லையே.

பவுடர் என்கிற ஹெராயின், வலி மாத்திரைப் பழக்கம் என்றால் இன்னொரு பயமும் உண்டு. சில வாரம் விட்டிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. திட்டி வெளியே அனுப்பிய அன்றைக்கே பழைய அளவை எடுத்து, மூச்சு நின்று சாகிறவர்கள் இருக்கிறார்கள். கோபம் வரத்தான் செய்யும். திட்டி முடித்த பிறகாவது திரும்ப டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

குடிக்கிறவரைப் படகில் ஏற்ற மாட்டோம் என்கிற படகுக்காரர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. கை நடுங்குகிறவரை ராத்திரிக் கடலுக்குக் கூட்டிப்போனால் அவருக்கும் ஆபத்து, கூட வருகிறவர்களுக்கும் ஆபத்து. அதற்காக ஆளையே கரையிலிருந்து ஒதுக்க வேண்டியதில்லை. வலை சரிபார்க்க, ஐஸ் ஏற்ற, மீன் எடை போட என்று தரையிலும் வேலை கிடக்கிறது. மருந்து எடுத்து நிதானமான பிறகு டாக்டரைக் கேட்டுக்கொண்டு படகில் ஏற்றலாம். பழைய அட்வான்ஸ் கடனைச் சொல்லிக்காட்டி, சிகிச்சைக்குப் போகிறவரைத் தடுக்காமல் இருந்தாலே பாதி உதவி.

விசைப்படகுத் தொழிலாளிகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். குடி கூடுவதும் பெரும்பாலும் அப்போதுதான். ஆஸ்பத்திரியில் சேர்ந்து உடம்பைத் தேற்ற நேரம் கிடைப்பதும் அப்போதுதான். "வேலைக்குப் போகலையா?" என்று யாரும் கேட்காத இரண்டு மாதம். போதை மீட்புக்கான தேசிய இலவச எண் 14446. மன நல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416. தங்கச்சிமடத்துப் பையன் இப்போது மாதம் ஒருமுறை மருந்து வாங்க ராமநாதபுரம் பஸ் ஏறுகிறான். "பையன் எங்கம்மா?" என்று போன வாரம் யாரோ கேட்டதற்கு, "ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கான்" என்றார் அவன் அம்மா.