ஒலிம்பஸ் பென் ஈஈ: முதல் ஃபிலிம் ரோல் போடும் முன்பும் பின்பும்

ஒலிம்பஸ் பென் ஈஈ என்ற சின்ன ஃபிலிம் கேமரா 1961இல் வந்தது, வடிவமைத்தவர் யோஷிஹிசா மைதானி. இதில் பேட்டரி கிடையாது. லென்ஸைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகத் தெரியும் வளையத்துக்கு அடியில் செலினியம் செல் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் அதிலேயே மின்சாரம் பிறந்து மீட்டர் முள்ளை நகர்த்தும். முள் நிற்கும் இடத்தைப் பார்த்து அப்பர்ச்சர், அதாவது லென்ஸில் வெளிச்சம் நுழையும் ஓட்டையின் அளவு, அமையும்.

இன்றைக்கு விற்கிற விலையில் ஃபிலிமை வீணாக்க முடியாது. எனவே முதலில் செல்லுக்கு உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். லென்ஸ் வளையத்தைத் தானியங்கி நிலையான 'ஏ'யில் வைத்து, செல்லைக் கையால் மூடி ஷட்டரை அழுத்துங்கள். வியூஃபைண்டரில் சிவப்பு நாக்கு எட்டிப் பார்க்க வேண்டும், ஷட்டர் விழக் கூடாது. அப்புறம் ஜன்னல் பக்கம் திருப்பி அழுத்தினால் விழ வேண்டும்.

பலரும் இத்தோடு திருப்தியாகிவிடுகிறார்கள். எனக்கு இது போதாது. பின்மூடியைத் திறந்து, லென்ஸ் வழியாகப் பார்த்தபடியே வானத்தை நோக்கி ஒரு முறை, நிழலை நோக்கி ஒரு முறை அழுத்துங்கள். கண்சிமிட்டும் நேரம்தான் தெரியும். ஆனாலும் வானத்துக்குச் சின்ன ஓட்டை, நிழலுக்குப் பெரிய ஓட்டை என்று வித்தியாசம் தெரிய வேண்டும். செல் கொஞ்சம் தளர்ந்திருந்தால் வெளிச்சத்தைக் குறைவாகக் கணித்துப் படத்தை வெளுக்க வைக்கும். கலர் நெகட்டிவ் அதை ஓரளவு தாங்கும். ஸ்லைடு ஃபிலிம் தாங்காது, ஆரம்பத்தில் வேண்டாம்.

சரி, ஃபிலிம் போடலாம். நுனியை வலப்பக்க ஸ்பூலில் செருகி, பற்கள் துளைகளில் உட்கார்ந்தபின் மூடுங்கள். லென்ஸ் வளையத்தில் ஃபிலிமின் ஏஎஸ்ஏ எண்ணை, அதாவது அது வெளிச்சத்தை உணரும் வேகத்தைக் காட்டும் எண்ணை, வையுங்கள். கட்டைவிரல் சக்கரத்தைச் சுற்றும்போது ரீவைண்ட் குமிழும் சுழன்றால் ஃபிலிம் நகர்கிறது என்று அர்த்தம்.

இது ஹாஃப் ஃபிரேம் கேமரா, வழக்கமான ஒரு படத்தின் இடத்தில் இரண்டு படம் பிடிக்கும். 36 படச் சுருளில் 72 படம் வரும். சாதாரணமாகப் பிடித்தாலே படம் நெட்டாக விழும், அகலப் படம் வேண்டுமென்றால் கேமராவைத் திருப்ப வேண்டும். ஃபோகஸ் நிலையானது. அதனால் ஆளை ஒன்றரை மீட்டருக்கு அப்பால் நிறுத்துங்கள்.

முடிந்ததும் அடியிலுள்ள பொத்தானை அழுத்தி ரீவைண்ட் செய்யுங்கள். ஃபிலிம் கழுவும் லேபில் கொடுக்கும்போது 'ஹாஃப் ஃபிரேம்' என்று சொல்ல மறக்காதீர்கள். சொல்லாவிட்டால் இரண்டிரண்டு படங்களை ஒன்றாக ஒட்டி ஸ்கேன் செய்து தந்துவிடுவார்கள். எனக்கு அப்படித்தான் வந்தது. அந்த ஜோடிகளில் சில, தனித்தனிப் படங்களைவிட நன்றாகவே இருந்தன.