முதல் பாட்லக் விருந்து: அழைப்பவருக்கும் போகிறவருக்கும் ஒரு செய்முறை

பாட்லக் என்றால் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து கூடி உண்ணும் விருந்து. நான் முதன்முதலாக நடத்திய பாட்லக் விருந்துக்கு ஒன்பது பேர் வந்தார்கள். ஐந்து பேர் கையில் இனிப்பு, இரண்டு பேர் கையில் நொறுக்குத் தீனிப் பொட்டலம், ஒருவர் கையில் குளிர்பானம். ஒன்பதாமவர் கொண்டுவந்த சின்னக் கிண்ணம்தான் அன்றைக்கு எல்லோருக்கும் இரவு உணவு. அவர்கள்மேல் குற்றமில்லை. "ஏதாவது எடுத்துவாருங்கள், போதும்" என்று சொன்னவள் நான்தான்.

'பாட்லக்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஆதியில் பொருளே வேறு. 16ஆம் நூற்றாண்டில், சொல்லாமல் வந்து நிற்கும் விருந்தாளிக்கு அன்று பானையில் என்ன கிடக்கிறதோ அதுதான் பாட்லக். பானை வீட்டுக்காரருடையது, அதிர்ஷ்டம் வந்தவருடையது. கூடி உண்பது என்ற இன்றைய பொருள் பின்னால் சேர்ந்தது. பொருள் மாறிய பிறகும் அதிர்ஷ்டத்தையே நம்பியிருந்தால் ஐந்து இனிப்புதான் வந்து சேரும்.

படி 1: அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள்

"சனிக்கிழமை சாப்பிட வாருங்கள்" என்று அழைத்துவிட்டு, வெள்ளிக்கிழமை இரவு "வரும்போது ஏதாவது சமைத்துக்கொண்டு வந்துவிடுங்களேன்" என்பது அழகில்லை. சாப்பிட அழைக்கப்பட்டவர் ஒரே இரவில் சமையல்காரராகிவிடுகிறார். மனத்தாங்கல் பெரும்பாலும் தொடங்குவது இங்கேதான். முதல் அழைப்பே இப்படி இருக்கட்டும்:

"சனிக்கிழமை இரவு ஏழரை மணிக்கு எங்கள் வீட்டில் பாட்லக். பன்னிரண்டு பேர் வருகிறோம். முதன்மை உணவு நான் செய்கிறேன். நீங்கள் ஒரு காய்கறிப் பதார்த்தம் கொண்டுவர முடியுமா? முடியாவிட்டாலும் கட்டாயம் வாருங்கள்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். வேலைப்பளு, கைக்குழந்தை, பணமுடை என்று யாருக்கு என்ன நெருக்கடியோ, அதை வாய்விட்டுச் சொல்ல வைக்கக் கூடாது.

இன்னொன்று: உங்கள் பிறந்தநாளுக்கு நீங்களே பாட்லக் வைத்தால், பரிசு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சமையலும் பரிசும் சேர்ந்தால் அழைப்பு வரிவசூலாகிவிடும்.

படி 2: பட்டியல் போடுங்கள்

வயிறு நிறைக்கும் முதன்மை உணவை வீட்டுக்காரர்தான் செய்ய வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. யாராவது வரத் தவறினாலும் பசியோடு யாரும் திரும்ப மாட்டார்கள். மற்றவற்றை வாட்ஸ்அப் குழுவில் வகைவகையாக எழுதிப் போட்டு, அவரவர் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். சமைக்கத் தெரியாதவருக்குப் பழம், பனிக்கட்டி, தட்டு, குவளை. இதை இளக்காரமாக நினைக்க வேண்டாம். பனிக்கட்டி இல்லாத கோடைக்கால விருந்தில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

ஒவ்வாமையைப் பற்றியும் அதே குழுவில் கேட்டுவிடுங்கள். நிலக்கடலை, மற்ற கொட்டைகள், பால், முட்டை, கோதுமை, சோயா, எள், மீன், இறால், நண்டு ஆகியவைதான் அடிக்கடி தொல்லை தருபவை.

படி 3: அளவு

பன்னிரண்டு பேர் என்றதும் பன்னிரண்டு முழுப் பங்கு சமைக்க இறங்கிவிடாதீர்கள். எல்லோரும் எல்லாவற்றிலும் கொஞ்சம்தான் எடுப்பார்கள். என் கணக்கு எளிது: தலைக்கு அரை கிலோ என்றால் பன்னிரண்டு பேருக்கு மொத்தம் 6 கிலோ. முதன்மை உணவு 2 கிலோ போனால் மீதி 4 கிலோ. ஐந்து பதார்த்தங்கள் வருகின்றன என்றால் ஒவ்வொன்றும் 800 கிராம். இதற்கே மிச்சம் விழும்.

படி 4: விருந்தாளியின் பங்கு

பரிமாறும் நிலையில் கொண்டுபோங்கள். "உங்கள் அடுப்பில் பத்தே நிமிடம்" என்று நறுக்காத காய்கறிகளோடு போய் நிற்காதீர்கள். அந்த நேரத்தில் அங்கே நான்கு அடுப்பும் எரிந்துகொண்டிருக்கும். சூடாக்கியே ஆக வேண்டுமென்றால் முந்தைய நாளே கேட்டுக்கொள்ளுங்கள். பரிமாறும் கரண்டியை மறக்காதீர்கள். பதார்த்தத்தின் பெயரையும் அதில் சேர்ந்த பொருள்களையும் ஒரு சீட்டில் எழுதிப் பக்கத்தில் வையுங்கள். புதிதாக ஒன்றைச் செய்துபார்க்க இது நேரமல்ல. கடையில் வாங்கிப் போகலாமா? தாராளமாக. உங்கள் பாத்திரத்துக்கு மாற்றி வைத்தாலே போதும். நீங்களே செய்ததாகச் சொல்ல வேண்டியதில்லை.

படி 5: மேசையில் வைத்த பிறகு

5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். எனவே சூடானது சூடாகவும், குளிர்ந்தது பனிக்கட்டிமேலும் இருக்கட்டும். சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது. வெளியே 32 டிகிரிக்கு மேல் கொளுத்துகிறது என்றால் ஒரு மணி நேரம்தான். பயண நேரமும் இந்தக் கணக்கில் அடங்கும். வழியில் ஒரு மணி நேரம் நெரிசலில் நின்ற பாத்திரத்துக்குப் பாதிக் காலம் போய்விட்டது.

வீட்டுக்காரர் வந்த பதார்த்தங்கள் எல்லாவற்றிலும் ஒரு வாயாவது சாப்பிட வேண்டும். தொடப்படாமல் கிடக்கும் பாத்திரத்தை அதைக் கொண்டுவந்தவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேதான் இருப்பார்.

படி 6: மிச்சமும் பாத்திரமும்

நட்பு முறிவது சாப்பாட்டில் அல்ல, அதற்குப் பிறகுதான். மிஞ்சியது யாருக்குச் சொந்தம்? என் தீர்ப்பு: கொண்டுவந்தவருக்கே. வீட்டுக்காரர் "எடுத்துப் போகிறீர்களா?" என்று கேட்க வேண்டும், வந்தவர் "நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். கேட்காமல் குளிர்பெட்டியில் அடுக்குவதும் தவறு. பிறர் கொண்டுவந்ததை விருந்தாளி தன் டப்பாவில் அள்ளிக்கொள்வதும் தவறு. பிரிக்காத பானப் பாட்டில் மட்டும் வீட்டுக்காரருக்கு.

விருந்தாளியாகப் போனால், கிளம்புமுன் மேசையை ஒதுக்கக் கைகொடுங்கள். வீட்டுக்காரர் இரண்டு முறை வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சிலருக்குத் தம் சமையலறையில் பிறர் நுழைவது பிடிக்காது. மறந்துபோன பாத்திரத்தைக் கழுவித் துடைத்துத் திருப்பித் தருவது வீட்டுக்காரர் பொறுப்பு. அதற்கு வசதியாகப் பாத்திரத்தின் அடியில் நாடா ஒட்டிப் பெயர் எழுதிவிடுங்கள், மூடியிலும்தான்.

என் அலமாரியில் மூடியில்லாத நீலப் பாத்திரம் ஒன்று மூன்று ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறது. குழுவில் நான்கு முறை படம் போட்டுக் கேட்டுவிட்டேன். யாரும் தன்னுடையது என்று சொல்லவில்லை.