தராசை ஒரு பக்கம் வையுங்கள்

மூன்று மாதம் நடந்தும் தராசில் ஒரு கிலோதான் குறைந்தது. ஆனால் திருகோணமலைக் கோணேசர் கோயில் ஏற்றம் வேறு கதை சொன்னது. முன்பெல்லாம் கோட்டை வாசலிலிருந்து புறப்பட்டால், மான் பார்க்கிற சாட்டில் மூன்று தரம் நிற்பேன். இப்போது அக்காவோடு கதைத்துக்கொண்டே ஏறிவிடுகிறேன்.

நீங்களும் ஒரு பாதையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு தரம், வெயில் ஏறுமுன் நடந்து, எத்தனை நிமிடம், எத்தனை தரம் நின்றீர்கள் என்று கொப்பியில் எழுதுங்கள். ஒரு மாதம் காலையிலும் மறுமாதம் மத்தியான வெயிலிலும் நடந்தால் கணக்குப் பிழைக்கும்.

இடுப்புக்குத் தையல் நாடா போதும். சாப்பிடுமுன், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் சுற்றி, மூச்சைச் சாதாரணமாக விட்டபின் பாருங்கள். வயிற்றை எக்கக்கூடாது. முதல் மாதம் நான் அப்படித்தான் 2 அங்குலம் 'குறைத்தேன்'!

நாடித்துடிப்பை விழித்ததும், படுக்கையிலேயே, தேத்தண்ணிக்கு முன் எண்ணுங்கள்: மணிக்கட்டில் 30 விநாடி, இரண்டால் பெருக்க வேண்டும். பயிற்சி பிடிபட்டால் பெரும்பாலும் மெல்ல இறங்கும். எனக்கு 82 இருந்தது, இப்போது 74.

பிறகு, அலுமாரியில் கிடந்த பழைய சேலைச் சட்டை. மாதக் கடைசியில் போட்டுப் பார்ப்பேன். இன்னும் ஒரு கொக்கிதான் பாக்கி.